வாழைக்கறைக்கும் மஞ்சளுக்கும் ஈடுகொடுக்கும் துணி

ஜவுளிக் கடையில் ‘இதில் கறையே பிடிக்காது’ என்று ஒரு துணியை விரித்துக் காட்டினால் நான் முதலில் கேட்பது, ‘எந்தக் கறை?’ என்றுதான். காபி சிந்தினால் உருண்டு ஓடுகிற துணியில் அல்வா நெய் பட்டால் லேசில் போகாது. நெய்யை விட்டுக்கொடுக்கிற துணி மஞ்சளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லாக் கறைக்கும் பொதுவாக ஒரு துணி கிடையாது. அதனால் துணி எடுக்கப் போகுமுன், நம் வீட்டில் என்னென்ன கறை விழுகிறது என்று கொஞ்சம் யோசித்துவிட்டுப் போக வேண்டும். எங்களுக்குப் பாளையங்கோட்டையில் குடித்தனம். மாமாவுக்குக் களக்காடு பக்கம் வாழைத் தோட்டம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வெற்றிலை போடுகிற அத்தை. கறைக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை வருஷமாக வாங்கி, துவைத்து, காயப்போட்டதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கறையை உள்ளேயே விடாமல் இருப்பது ஒரு குணம். உள்ளே போன கறையைத் துவைக்கும்போது விட்டுவிடுவது வேறொரு குணம். கடையில் விலை சொல்வது முதல் குணத்துக்கு. வீட்டுக்குப் பெரும்பாலும் வேண்டியது இரண்டாவது. பருத்தி நூல் ஈரத்தை இழுக்கும். சாதாரணக் காற்றில் சும்மா கிடக்கும்போதே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இருக்காது. டீ, காபி, ரசம் எதுவும் பாலியெஸ்டருக்குள் சட்டென்று இறங்காததற்கு அதுதான் காரணம். ஆனால் பாலியெஸ்டருக்குத் தண்ணீர்தான் ஆகாது, எண்ணெய் ரொம்பவே ஆகும். ஒரு தடவை நெய் ஏறிவிட்டால் அதை வெளியே கொண்டுவரப் பெரும்பாடு. பருத்தி எல்லாவற்றையும் உள்ளே வாங்கும், சரி. ஆனால் கொதிக்கிற தண்ணீர், உச்சி வெயில், காரமான சோப்பு, கல்லில் அடிக்கிற அடி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்தக் கணக்கில் பார்த்தால், கறைக்கு அஞ்சாத துணி வெள்ளைப் பருத்திதான் என்பேன். வெள்ளையில் கறை பளிச்சென்று தெரியும், அது உண்மை. ஆனால் போவதற்கு அதில் சாயம் இல்லையே. கொதிக்க வைக்கலாம், பிளீச் போடலாம், நாள் முழுக்க வெயிலில் கிடத்தலாம். கருநீலச் சட்டையில் இதில் ஒன்றைச் செய்தாலும் கறையோடு சட்டையின் நிறமும் போய்விடும். உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து ஆற்றங்கரையில் வெளுத்த காலத்து வேட்டிகள் அத்தனை வெள்ளையாக இருந்தது இதனால்தான். உவர்மண்ணின் காரம் எண்ணெயை எடுக்கும், ஆவியின் சூடு அழுக்கை இளக்கும், மிச்சம் நிற்கிற நிறத்தை வெயில் தின்றுவிடும். இந்த மூன்றையும் பருத்தி தாங்கும். பட்டு தாங்காது, ரேயான் நனைந்தாலே பலம் குறைந்துவிடும், இழுத்தால் நீளுகிற ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணிக்குக் கொதிநீரும் பிளீச்சும் ஆகவே ஆகாது.

எங்கள் ஆச்சி மஞ்சள் கறையைப் பற்றிச் சொன்னதை இன்னும் அப்படியே செய்துவருகிறேன். “ஏட்டி, மஞ்சக் கறையில சவுக்காரத்தப் போட்டுத் தேய்க்காத. செவந்து போவும். தண்ணியில அலசி வெயில்ல போடு, அதுவே போயிரும்” என்பாள். அதில் முழு உண்மை இருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் செம்பழுப்பாக மாறும். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்பு வைத்ததும் கறை ரத்தச் சிவப்பாகிறதே, அது இதுதான். பயப்பட வேண்டியதில்லை, நிறைய அலசினால் திரும்ப மஞ்சளாகிவிடும். ஆனால் பருத்திக்கும் மஞ்சளுக்கும் ஒட்டுதல் அதிகம். படிகாரம் எதுவும் போடாமலே சாயமாக ஏறிவிடும், சோப்பு மட்டும் அதை அசைக்காது. அந்த நிறம் தோற்பது வெளிச்சத்திடம்தான். குழம்பு எண்ணெய் போகும் அளவுக்குச் சோப்பு போட்டு, நன்றாக அலசி, ஈரத்தோடு கொடியில் போட்டால், நம் ஊர் பங்குனி, சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் கறை வெளிறிப்போயிருக்கும். தடித்த கறையாக இருந்தால் மறுநாளும் நனைத்துப் போட வேண்டும்.

இதிலிருந்து துணி எடுக்க ஒரு வழி பிறக்கிறது. சாப்பாட்டு மேஜை விரிப்பு, அடுப்படித் துண்டு, பிள்ளைகளுக்குச் சாப்பிடும்போது மடியில் போடுகிற துணி, இதெல்லாம் வெயிலில் கிடந்தாலும் நிறம் போகாததாக இருக்க வேண்டும். அப்படியானால் வெள்ளை, இல்லையென்றால் சாயம் போடாத கோராத் துணி, அதுவும் வேண்டாம் என்றால் கடுகு மஞ்சள். அடர் பச்சை, மெரூன் விரிப்பு வாங்கினால் கறை மறையும், ஆனால் வெயிலில் போட முடியாது. போட்டால் விரிப்பே திட்டுத் திட்டாக வெளுக்கும். அடுப்படிக்கு நான் வீரவநல்லூர் கைத்தறித் துண்டுதான் வாங்குகிறேன். கோராவில் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு ஓடும். துவைக்கத் துவைக்க மெதுவாகி, தண்ணீரை இன்னும் நன்றாக உறிஞ்சும். அடுப்படித் துண்டு கறையை உறிஞ்சத்தான் வேண்டும், உறிஞ்சாத துண்டால் மேடையைத் துடைக்க முடியாது. அதை மணக்க மணக்க வைக்கிறேன் என்று கம்ஃபர்ட் வகைத் திரவங்களில் முக்கக் கூடாது. அந்தப் பசை நூலின் மேல் படிந்து உறிஞ்சும் குணத்தையே கெடுத்துவிடும்.

வாழைக்கறைக்கு வருகிறேன். களக்காடு, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி பக்கம் வாழ்க்கைப்பட்டோருக்கு இதன் கொடுமை தெரியும். ஏத்தன் வாழைத் தார் வெட்டும்போது தண்டிலிருந்து வடிகிற நீர் பார்க்கப் பச்சைத் தண்ணீராகத்தான் இருக்கும். சட்டையில் பட்டது அப்போது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் தோளிலும் நெஞ்சிலும் பழுப்புப் பழுப்பாகத் தெரியும். அந்த நீரில் துவர்ப்புப் பொருட்கள் இருக்கின்றன. காற்று பட்டு அவை கருத்து, பருத்தி நாருக்குள்ளேயே இறுகிவிடுகின்றன. இரும்பு அரிவாளின் துரு கொஞ்சம் சேர்ந்தால் இன்னும் கருப்பு. வெயிலும் இதை எடுக்காது, சோப்பும் எடுக்காது. பட்ட உடனே, காய்வதற்குள், வாய்க்கால் தண்ணீரிலேயே நிறைய அலசினால் பாதி தப்பும். காய்ந்து பழுத்துவிட்டால், வெந்நீரில் ஆக்சிஜன் பிளீச் தூளைக் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தால் வெளிறும். முழுக்கப் போனதை நான் பார்த்ததில்லை.

இதற்குத் துணியில் தீர்வு தேடுவதைவிட, கறைக்கென்றே துணியை ஒதுக்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மாமா தோட்டத்துக்குப் போகிற சாரமும் (லுங்கி) சட்டையும் கதவுக்குப் பின்னால் தனி ஆணியில் தொங்கும். மற்ற துணியோடு அதை நனைப்பது கிடையாது. சாரம் கருநீலக் கட்டம், சட்டை காபி நிறம். புதுச் சட்டை எடுக்கும்போதே அந்த நிறத்தில் எடுத்துவிட்டால், விழுகிற கறை சட்டையின் நிறத்தோடு கலந்துவிடும். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் சட்டையில் அதே கறை பருத்தியைவிட மங்கலாகத்தான் விழுகிறது. ஆனால் ஏத்தன் தோட்டத்துப் புழுக்கத்தில் டெரிகாட்டனைப் போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. மாமாவும் போட மாட்டார். வீட்டில் வாழைப்பூ ஆயும்போதும் இதே கறைதான். கையில் நல்லெண்ணெய் தடவுவோம், மடியில் பழைய துண்டு ஒன்றை விரிப்போம். நல்ல சேலையோடு வாழைக்காய் நறுக்க உட்காரக் கூடாது என்பதை மகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்தது எண்ணெய். சாப்பாட்டு எண்ணெயைவிட நம் வீடுகளில் துணியைக் கெடுப்பது தலை எண்ணெய்தான், யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சோபாவில் தலை சாய்கிற இடத்தையும் தலையணை உறையின் நடுவையும் பாருங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட நாள்பட இறங்கி, காற்று பட்டு மஞ்சளாகி, சிக்கு வாடை அடிக்கும். பாலியெஸ்டர் உறை மலிவு, சுருங்காது, காய்வதும் சீக்கிரம். ஆனால் எண்ணெய் அதில் தங்கிவிடும், துவைத்து எடுத்தாலும் முகத்தை வைத்தால் அந்த வாடை தெரியும். தலையணை உறைக்கு நூறு சதவீதப் பருத்தியைத் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் ஊற்றி, பாத்திரம் துலக்குகிற திரவம் இரண்டு சொட்டு விட்டு ஊறவைத்தால் எண்ணெய் மேலே மிதந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். சோபாவின் தலைப்பக்கத்துக்கு அகலமான பருத்தித் துண்டு ஒன்றை விரித்து, அடிக்கடி மாற்ற வேண்டும். சோபாத் துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தத் துண்டுக்கு மாற்று இல்லை.

அல்வா நெய், அதிரச எண்ணெய் போன்றவை பிள்ளைகளின் தீபாவளி உடுப்பில் விழுந்தால் முதலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அரிசி மாவையோ முகப் பவுடரையோ கறை மேல் தூவி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் நெய்யைப் பெருமளவு அது குடித்துவிடும். தட்டிவிட்டு, பாத்திரத் திரவத்தை நேராகக் கறை மேல் தொட்டுத் தேய்த்துவிட்டுத் துவைக்கலாம். இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள். சூடு பட்ட எண்ணெய்க்கறை பாலியெஸ்டரில் நிலைத்துவிடும். சொதிச் சாப்பாட்டில் சிந்துகிற தேங்காய்ப்பாலில் எண்ணெயும் புரதமும் சேர்ந்து இருக்கின்றன. அதற்கு முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் சோப்பும் சூடும். பால், முட்டை, ரத்தம் எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான். வெந்நீர் முதலில் பட்டால் அவை வெந்து நூலில் ஒட்டிக்கொள்ளும்.

இனி கடைக்குப் போவோம். திருநெல்வேலி டவுனில் ரத வீதிக் கடைகளுக்குத் திரைத்துணி, சோபாத் துணி எடுக்கப் போகும்போது என் கைப்பையில் ஒரு சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் இருக்கும். கடைக்காரரிடம், “அண்ணாச்சி, இதுல ஒரு சின்னத் துண்டு கத்தரிச்சுத் தாங்க, ஒரு சொட்டு விட்டுப் பாக்கணும்” என்று கேட்பேன். “விட்டுப் பாருங்கக்கா, நல்லாப் பாத்துட்டே எடுங்க” என்று கொடுத்துவிடுவார்கள். நல்ல சரக்கு வைத்திருக்கிறவர் இதற்கு மறுக்க மாட்டார். ஒரு பக்கம் தண்ணீர்ச் சொட்டு, ஒரு பக்கம் எண்ணெய்ச் சொட்டு. அரை நிமிஷம் பார்க்க வேண்டும். இரண்டும் உள்ளே இறங்கினால் அது மேற்பூச்சு இல்லாத துணி. தண்ணீர் உருண்டையாக நின்று எண்ணெய் மட்டும் இறங்கினால், சிலிக்கோன் அல்லது மெழுகுப் பூச்சு இருக்கலாம், அல்லது நெருக்கமாக நெய்த வெறும் பாலியெஸ்டராக இருக்கலாம். இரண்டுமே உருண்டு நின்றால் அது புளோரின் கலந்த ரசாயனப் பூச்சு என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெயையும் தள்ளுகிற வேலை அந்த வகைக்குத்தான் வரும்.

நூல் எது என்று சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்து தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான கருமணியாக நிற்கும். பட்டிலும் கம்பளியிலும் முடி பொசுங்குகிற வாடை வரும். பருத்தி என்று விற்கிற சுடிதார்த் துணி பலவற்றில் அந்தக் கருமணியைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பூச்சுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோபா விற்பவர்கள் இதற்குத்தான் கூடுதல் விலை போடுகிறார்கள். 1953-இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஒரு புளோரின் ரசாயனம் கைதவறி ஒரு உதவியாளரின் கான்வாஸ் ஷூவில் சிந்தியது. அதைக் கழுவிப் பார்த்தார்கள், போகவில்லை. நாளாக ஆக ஷூவின் மற்ற இடமெல்லாம் அழுக்கேற, அந்த இடம் மட்டும் சுத்தமாகவே இருந்தது. பாட்ஸி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் என்ற இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து உருவாக்கியதுதான் ஸ்காட்ச்கார்ட். 1956-இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்தக் குடும்பத்து ரசாயனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகின்றன, மனித ரத்தத்திலும் சேர்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. 2000-இல் அந்த நிறுவனமே பழைய கலவையைக் கைவிடப்போவதாக அறிவித்தது. பிறகு, இப்படி அழியாமல் தங்குகிற ரசாயனங்களுக்காக உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதில் ஒரு வகை 2009-இலும் இன்னொன்று 2019-இலும் சேர்ந்தன.

அதனால் என் வீட்டில் மேலோடு படுகிற எதற்கும், பிள்ளைகள் வாயில் வைக்கிற எதற்கும் இந்தப் பூச்சு கிடையாது. சாப்பிட்டுவிட்டுத் துவைக்கிற துணிக்கு அது தேவையும் இல்லை. எந்தப் பூச்சானாலும் துவைக்கத் துவைக்கத் தேயும், உட்காருகிற இடத்தில் உரசி உரசிச் சீக்கிரம் போகும். நூலிலேயே இருக்கிற குணமும் நெசவின் நெருக்கமும்தான் கடைசிவரை வரும். சோபாவுக்கென்று கொடுக்கிற பணத்தை அதில் போடுங்கள்.

சோபாவுக்கு நெசவை எப்படிப் பார்ப்பது? துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டைகள் தெரியக் கூடாது. நகத்தால் கீறினால் இழை தூக்கக் கூடாது. வெல்வெட், செனில் போன்ற பஞ்சு பஞ்சான துணிகள் கடையில் தடவிப் பார்க்கும்போது ஆசையாக இருக்கும். ஆனால் நம் ஊருக்கு அவை ஆகாது, அதற்குக் காரணம் காற்று. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில் பாளையங்கோட்டை வீடுகளில் ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி உள்ளே வந்துவிடும். பணகுடி, ராதாபுரம் பக்கம் கேட்கவே வேண்டாம், அங்கே காற்றாலைகளை நட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்தப் பொடி மண் செனில் நூலின் மயிர்க்கால்களுக்குள் போய் உட்கார்ந்தால் தட்டினாலும் வராது. ஈரத்துணியால் துடைத்தால் சேறாகிவிடும். வழவழப்பாக, நெருக்கமாக நெய்த பாலியெஸ்டரோ மைக்ரோஃபைபரோ இருந்தால் காய்ந்த வாரியலால் ஒரு தட்டு தட்டினால் போதும். உறையைக் கழற்றித் துவைக்க ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தைப்பவர் இழுத்து ஆணி அடித்துத் தந்தால்தான் அழகு என்பார். கேட்காதீர்கள்.

மாதிரிப் புத்தகம் வைத்திருக்கிற கடையில் துணியின் பின்பக்கச் சீட்டில் ஆங்கில எழுத்து ஒன்று போட்டிருக்கும். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் வைத்துத் துடைக்கலாம். ‘எஸ்’ என்றால் தண்ணீர் ஆகாது, டிரை கிளீனிங் திரவம்தான். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் ஆகும். ‘எக்ஸ்’ என்றால் வாக்குவம் கிளீனர் தவிர எதையும் காட்டக் கூடாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ‘டபிள்யூ’ இல்லாத சோபாத் துணியை வாங்காதீர்கள். நிறத்தில் ரொம்ப வெளிறியதும் வேண்டாம், ரொம்ப அடர்ந்ததும் வேண்டாம். கருப்பு, கருநீலத்தில் புழுதியும் வியர்வை உப்பும் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். இரண்டு மூன்று நிற இழை கலந்து நெய்த இடைநிறத் துணி நல்லது. ரெக்ஸினைப் பற்றியும் கேட்பார்கள். துடைத்தால் போய்விடும், உண்மைதான். ஆனால் சித்திரை மத்தியானம் அதில் உட்கார்ந்து எழுந்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும், சில வருஷத்தில் வெடித்துத் தோலுரியும். சாப்பாட்டு மேஜை நாற்காலிக்குப் போடலாம். படுத்துப் புரளுகிற சோபாவுக்கு வேண்டாம்.

என் சித்தி வீடு சாத்தான்குளம் பக்கம், தேரி மண் பூமி. அங்கே வெள்ளைத் திரை போட்டால் ஒரு காற்றடிக் காலத்திலேயே ஓரமெல்லாம் செம்மை ஏறிவிடும். அந்தச் சிவப்புக்குக் காரணம் மண்ணில் இருக்கிற இரும்பு. இரும்புக் கறைக்குக் குளோரின் பிளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகிவிடும். வெள்ளைப் பருத்திக்கு எல்லாம் ஆகும் என்றேனே, அதற்கு விலக்கு இது. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் வைப்பதுதான் வழி. அந்தப் பக்கம் இருப்பவர்கள் செங்காவி, சந்தனம், இளம் காபி நிறத்தில் பாலியெஸ்டர் திரை போடுவது நல்லது. தரையைத் தொடாமல் நான்கு விரல் மேலே நிற்கும்படி தைக்கச் சொல்லுங்கள். துவைக்குமுன் வெளியே கொண்டுபோய்க் காயவே உதறிவிட வேண்டும். ஈரம் பட்டதும் மண் நூலுக்குள் இறங்கும்.

தரைக்குக் கம்பளம் விரிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பத்தமடைப் பாய் பக்கத்திலேயே கிடைக்கும்போது அது எதற்கு? கோரைப்புல்லின் மேல்தோல் வழவழப்பானது. டீ சிந்தினால் உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம், புழுதியை உதறினால் போய்விடும். ஊறவைக்கக் கூடாது, நிழலில் காயவைக்க வேண்டும், சுருட்டி வைக்கும்போது ஈரம் இருக்கவே கூடாது, பூஞ்சணம் கருப்புக் கருப்பாகப் பிடித்துவிடும். கல்யாணத்துக்கு நெய்கிற மெல்லிசுப் பாயைச் சொல்லவில்லை, அன்றாடம் புழங்குகிற பாயைச் சொல்கிறேன். கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட, எழுத, புரள அதைவிட நல்ல விரிப்பு நான் பார்க்கவில்லை.

பட்டுச்சேலைக்குக் கறை எதிர்ப்பு என்று ஒன்றும் கிடையாது. தண்ணீர்ச் சொட்டுகூடச் சில பட்டில் வட்டமாக நிற்கும். பிளீச் பட்டால் நூலே கரையும். பந்தியில் உட்காருமுன் மடியில் விரிக்க வெள்ளைத் துண்டு ஒன்று எடுத்துப் போவேன், அவ்வளவுதான். ரசமோ பாயசமோ விழுந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சீக்கிரமே டிரை கிளீனிங்குக்குக் கொடுத்து, இது இன்ன கறை என்று சொல்லிவிட வேண்டும். ரவிக்கைக்கு மட்டும் ஒரு வார்த்தை. அக்குளில் வியர்வைக்கறை விழுந்துதான் பட்டு ரவிக்கை வீணாகிறது. பருத்தி லைனிங் கொடுத்து, அக்குளில் கழற்றி மாட்டுகிற பஞ்சு மெத்தை வைத்துத் தைக்கச் சொன்னால் ரவிக்கை பல வருஷம் வரும்.

பள்ளிக்கூடச் சட்டைக்கு டெரிகாட்டன் சரியான துணி. பாலியெஸ்டர் 65, பருத்தி 35 என்ற கலவைதான் பொதுவாக வரும். மண் சீக்கிரம் போகும், இஸ்திரி லேசு. பேனா மைக்கு சானிடைசரைப் பஞ்சில் தொட்டு, அடியில் பழந்துணி வைத்து மேலிருந்து ஒற்ற வேண்டும். காலர் அழுக்கு தோலெண்ணெய்தான், ஷாம்பூவைத் தடவி ஊறவைத்தால் போதும். அத்தையின் வெற்றிலைக் கறைக்கு வாழைக்கறையைப் பற்றிச் சொன்னதே பொருந்தும், பாக்கிலும் அதே துவர்ப்புதான். அதனால் அவர்கள் சேலையெல்லாம் சுங்குடிப் புள்ளி, அரக்கு, காவி என்றே எடுக்கிறோம். “வெள்ளச் சேல எனக்கு எதுக்கு, நான் என்ன வெத்தலைய விடவா போறேன்?” என்பார்கள்.

தண்ணீரைப் பார்க்காமல் துணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர்க் குழாயும் உண்டு, போர் தண்ணீரும் உண்டு. தாமிரபரணித் தண்ணீரில் சோப்பு நுரைத்துக்கொண்டு வரும். போர் தண்ணீரின் உப்பில் சோப்பு திரிந்து, சாம்பல் நிறப் பிசினாக நூலில் ஒட்டும். வெள்ளை வேட்டி அதில் நான்கு தடவை நனைந்தால் மங்கிவிடும், கறை வேறு அந்தப் பிசினில் பிடித்துக்கொள்ளும். ஆற்றுத் தண்ணீர் வாரத்தில் சில நாள்தான் வருகிறது என்றால், வெள்ளையையும் தலையணை உறையையும் அந்த நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். முழுக்கவே போர் தண்ணீர் என்றால் தூய வெள்ளையை விட்டுவிட்டு இளம் சந்தன நிறத்துக்குப் போவது நல்லது. கட்டிச் சோப்பைவிட அந்தத் தண்ணீருக்குச் சலவைத் தூளோ திரவமோ மேல், அது உப்பில் திரியாது.

புதுத் துணி எதையும் தைக்கக் கொடுக்குமுன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். தறியில் ஏற்றிய கஞ்சி போனபிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். தைத்த பிறகு மிஞ்சுகிற வெட்டுத் துண்டைத் தையற்காரரிடம் கேட்டு வாங்கிவந்து, எந்தத் திரை, எந்தச் சோபா உறை என்று ஒரு சீட்டு எழுதிக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். வருங்காலத்தில் எலுமிச்சை, ஸ்பிரிட், பிளீச் என்று எதைப் போட நினைத்தாலும் முதலில் அந்தத் துண்டில் போட்டுப் பார்த்துவிடலாம்.